பழைய வளாகத்துக்குள் புதுக் கட்டடம்: வாசகர் கேள்வி – பதில்

குடியிருப்பு வளாகத்துக்குள் இருக்கிற விளையாட்டுத் திடலிலோ வண்டி நிறுத்தும் இடத்திலோ கூடுதலாக ஒரு பிளாக் எழும்பப் போகிறது என்றால், ஏற்கெனவே அங்கே குடியிருப்பவர்களுக்கு நூறு சந்தேகம் வரும். இந்த இதழுக்கு வந்த கேள்விகள் எல்லாமே அதைப் பற்றித்தான். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். அனுமதி வழங்கும் சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். மண், தண்ணீர், வெளிச்சம் மூன்றும் எங்கேயும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அதனால் பதில்கள் பெரும்பாலும் அவற்றைச் சுற்றியே இருக்கின்றன.

கேள்வி: எங்கள் வளாகத்தில் மழைக்காலம் வந்தாலே மேன்ஹோல் பொங்குகிறது. நடுத் திடலில் இன்னும் 80 வீடுகள் கட்டப் போகிறார்கள். அத்தனை குடும்பங்களின் கழிவுநீரையும் இருக்கிற குழாய் தாங்குமா?
— தரைத்தள வாசகி

பதில்: உங்கள் கேள்வியின் முதல் வரியிலேயே பாதி விடை இருக்கிறது. மழைக்காலத்தில்தான் பொங்குகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் கோளாறு கழிவுநீரின் அளவில் இல்லை. மழைநீர் அந்தக் குழாய்க்குள் போகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 80 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 150 லிட்டர் என்றால் 48,000 லிட்டர். 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் நொடிக்கு அரை லிட்டர் சொச்சம். காலை நெரிசலுக்கு மூன்று மடங்கு வைத்தாலும் நொடிக்கு 1.7 லிட்டர்தான். 150 மி.மீ. குழாய் 100-க்கு 1 வாட்டத்தில் சரியாகப் போட்டிருந்தால், நிறைந்து ஓடும்போது நொடிக்கு 15 லிட்டர் வரை கொண்டுபோகும். இப்போது புதுக் கட்டடத்தின் மொட்டை மாடியைப் பாருங்கள். 1,000 சதுர மீட்டர் பரப்பில் ஒரு மணி நேரத்துக்கு 50 மி.மீ. மழை கொட்டினால் 50,000 லிட்டர், அதாவது நொடிக்கு ஏறக்குறைய 14 லிட்டர். 80 குடும்பமும் சேர்ந்து விடுகிற கழிவுநீரைப் போல எட்டு மடங்கு! "குழாய் தாங்குமா?" என்று பொதுவாகக் கேட்டால், முதல் கணக்கை மட்டும் காட்டி "தாராளமாகத் தாங்கும்" என்று சொல்லிவிடுவார்கள். அது பொய்யும் இல்லை. "மாடித் தண்ணீர் எந்தக் குழாயில் போகிறது?" என்று கேளுங்கள்.

மழைநீருக்குத் தனிக் கால்வாய் வேண்டும். வெளியே அதை வாங்கிக்கொள்ளும் கால்வாயும் சிறியது என்றால், தேக்கி மெதுவாக விடும் தொட்டி வேண்டும். மேலே சொன்ன மழையை நொடிக்கு 2 லிட்டர் வீதம் வெளியே விடுவதாக வைத்துக்கொண்டால் தொட்டி சுமார் 43 கன மீட்டர் கொள்ள வேண்டும். இரண்டு மீட்டர் ஆழத்துக்கு எடுத்தால் இரண்டு கார் நிற்கும் இடத்துக்குள் அடங்கிவிடும். இடமில்லை என்பவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். தொட்டி வந்தபின் வண்டலை யார், எப்போது வாருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாராத தொட்டி சில மழைக்காலங்களில் பாதி கொள்ளளவை இழந்துவிடும்.

இப்போதைய கட்டடத்தையும் சோதித்துவிடுங்கள். மாடியில் உள்ள மழைநீர் வடிகால் வாயில் சாயம் கலந்த ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கீழே கழிவுநீர் மேன்ஹோல் மூடியைத் திறந்துவைத்துப் பாருங்கள். குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது, எட்டிப் பார்த்தால் போதும். விஷவாயு ஆளைக் கொன்றுவிடும். சாயம் அங்கே வந்தால் பழைய பிழையும் வெளியே வந்துவிடும். அதையும் சேர்த்துச் சரிசெய்யச் சொல்லிக் கேட்கலாம்.

தரைத்தளத்தில் இருப்பதால் உங்களுக்கு இன்னொன்று. குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் எந்த வாய் தாழ்வாக இருக்கிறதோ அது வழியாகத்தான் வெளியே வரும். உங்கள் குளியலறைத் தரை வடிகால், வாசல் மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்வாக இருந்தால் முதலில் வீட்டுக்குள்தான் பொங்கும். புதுக் கட்டடத்துக்காகச் சாலையை உயர்த்தி, மேன்ஹோல் வாயையும் 30 செ.மீ. ஏற்றிக் கட்டும்போது இந்தக் கோளாறு புதிதாக முளைக்கும். பின்னோக்கி வராமல் தடுக்கும் வால்வு போடலாம். ஆனால் அது மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. அதன் கதவில் துணி, முடி சிக்கினால் வால்வு இருந்தும் பயனில்லை.

கட்டும் காலத்தில் நடக்கிற அநியாயம் ஒன்று உண்டு. கலவை எந்திரம் கழுவிய சிமெண்ட் தண்ணீரை அருகில் இருக்கும் மேன்ஹோலில் ஊற்றிவிடுவார்கள். அது குழாயின் அடியில் இறுகிக் கல்லாகிவிடும். மூங்கில் பட்டையோ கம்பியோ விட்டு இதை எடுக்க முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். வேலை தொடங்கும் முன் ஒரு முறை, முடிந்தபின் ஒரு முறை குழாய்க்குள் கேமரா விட்டுப் படமெடுத்து, பிரதியைக் குடியிருப்போர் சங்கத்திடம் தரவேண்டும் என்று நிபந்தனை வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே 18 மீட்டர் தள்ளி 19 மீட்டர் உயரத்தில் கட்டடம் வருகிறது. வெளிச்சம் போய்விடும் என்றால், "போகாது" என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர்

பதில்: பிரிட்டனில் பி.ஆர்.இ. என்ற கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த எளிய சோதனை ஒன்று இருக்கிறது. பாதிக்கப்படும் ஜன்னலின் நடுப்புள்ளியிலிருந்து 25 டிகிரி கோணத்தில் மேல்நோக்கி ஒரு கோடு இழுக்க வேண்டும். எதிர்க் கட்டடம் முழுவதும் அந்தக் கோட்டுக்குக் கீழே அடங்கினால் வெளிச்சத்துக்குப் பெரிய குறைவு வராது. கோட்டைத் தாண்டினால் விரிவாகக் கணக்கிட வேண்டும்.

25 டிகிரிக்கு 0.466 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 18 மீட்டர் × 0.466 = 8.4 மீட்டர். ஜன்னலின் நடுப்பகுதி தரையிலிருந்து 1.5 மீட்டர் என்றால், 9.9 மீட்டர் உயரம் வரை சிக்கலில்லை; அதாவது மூன்று மாடி. 19 மீட்டர் கட்டடம் உங்கள் ஜன்னலிலிருந்து சுமார் 44 டிகிரியில் நிற்கும். "போகாது" என்று வாயால் சொல்வது இங்கே செல்லாது. எவ்வளவு குறையும் என்ற கணக்கைக் கேளுங்கள். ஜன்னலில் நின்றால் தெரியும் வானத்தின் அளவைச் சதவீதமாகச் சொல்வார்கள். எதிரே எதுவுமே இல்லாத செங்குத்துச் சுவர் ஜன்னலுக்கே 40-ஐ ஒட்டித்தான் வரும். அதே வழிகாட்டியின்படி 27-க்குக் கீழே போய், முன்பு இருந்ததில் 0.8 பங்குக்கும் குறைந்தால் குடியிருப்பவர் கண்ணுக்கே அது தெரியும்.

அந்த 19 மீட்டர் எங்கிருந்து எங்கே வரை என்றும் பாருங்கள். மாடிப்படி அறை, லிஃப்ட் எந்திர அறை, ஓவர்ஹெட் டேங்க் இவற்றை விட்டுவிட்டு உயரம் எழுதுவது வழக்கம். சேர்த்தால் மூன்று நாலு மீட்டர் கூடும். கீழே பேஸ்மெண்டைத் தூக்கிக் கட்டினால் அது இன்னொரு ஒன்றரை மீட்டர்.

அந்த வழிகாட்டி சூரியன் தாழ்வாகவே போகும் நாட்டுக்காக எழுதப்பட்டது. வெப்ப நாட்டில் மேற்கே எழும் கட்டடம் மாலை வெயிலை மறைத்தால் அது நன்மைதான்; அதைக் குறையாக எழுதி உங்கள் மனுவின் வலுவைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிச்சம், காற்றோட்டம், எதிர் ஜன்னலிலிருந்து வீட்டுக்குள் பார்வை விழுவது, இவற்றை எழுதுங்கள். நிழல் படம் கொடுத்தால் எந்தத் தேதி, எந்த மணி என்று பாருங்கள். உச்சிவெயில் நேரத்து நிழலை மட்டும் காட்டினால் எந்தக் கட்டடமும் சாதுவாகத்தான் தெரியும். காலை 9, மாலை 4 மணிக்கும், ஜூன், டிசம்பர் இரண்டு மாதங்களுக்கும் கேளுங்கள்.

கேள்வி: பைலிங் எந்திரம் (அஸ்திவாரத் தூண்களைத் தரைக்குள் இறக்குவது) அடிக்கும்போது பாத்திரங்கள் அதிர்கின்றன. சுவரில் விரிசல்கள் தெரிகின்றன. 'பழைய விரிசல்' என்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?
— இரண்டாம் மாடி வாசகி

பதில்: இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதிர்வை மனித உடம்பு உணரும் அளவு மிகக் குறைவு. நொடிக்கு 0.3 மி.மீ. வேகத்தில் தரை அசைந்தாலே வீட்டில் இருப்பவருக்குத் தெரியும், 1 மி.மீ.-ஐ எட்டினால் புகார் கிளம்பும். சாதாரணக் குடியிருப்புக் கட்டடத்துக்கு, மெதுவான அதிர்வில், ஜெர்மானியத் தர நிர்ணயம் வைத்திருக்கும் வரம்பு நொடிக்கு 5 மி.மீ. ஆகவே பாத்திரம் அதிர்வதாலேயே சுவர் வெடித்துவிட்டது என்று ஆகாது. அதே சமயம், அளக்காமல் "ஒன்றும் ஆகாது" என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை இல்லை. உங்கள் கட்டடத்தின் அஸ்திவார மட்டத்தில் அதிர்வுமானி வைத்து, தினசரிப் பதிவைத் தரச் சொல்லுங்கள். சம்மட்டியால் அடித்து இறக்கும் பைலுக்குப் பதில் துளையிட்டு கான்கிரீட் நிரப்பும் பைல் போடச் சொல்லலாம்; அதிர்வு பல மடங்கு குறையும்.

எங்கள் கவலை அதிர்வைவிடப் பள்ளத்தின் மேல்தான். நிலத்தடி வாகன நிறுத்தத்துக்காக ஆழமாகத் தோண்டி, ஊறும் தண்ணீரை இரவும் பகலும் பம்ப் வைத்து இறைப்பார்கள். நிலத்தடி நீர் மட்டம் 3 மீட்டர் இறங்கினால், அதுவரை தண்ணீரின் மிதப்பு தாங்கிக்கொண்டிருந்த சுமை மண்ணின் மேல் ஏறும். சதுர மீட்டருக்கு 3 டன். உங்கள் வீட்டைச் சுற்றிலும் இரண்டு மூன்று மாடி உயரக் கட்டடத்தைப் புதிதாக வைத்தது போல. மென்மையான களிமண்ணாக இருந்தால் மாதக் கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். சத்தம் கேட்காது, அதனால் யாரும் புகார் தருவதில்லை.

மணல் கலந்த மண்ணில் வேறு ஆபத்து. பம்ப் இறைத்துக் கொட்டும் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். முதல் நாள் கொஞ்சம் கலங்கலாக இருப்பது இயல்பு. வாரம் கடந்தும் அடியில் மணல் படிந்தால், உங்கள் அஸ்திவாரத்துப் பக்கத்து மண்தான் தண்ணீரோடு வெளியேறிக்கொண்டிருக்கிறது. பம்ப்பைச் சுற்றி வடிகட்டி சரியாக அமைக்கவில்லை. அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள்.

நிரூபிக்கச் சிறந்த வழி: வேலை தொடங்கும் முன் நிலைமைப் பதிவு. ஒவ்வொரு அறையின் நாலு சுவர், கூரை, தரை, கதவு நிலை, படிக்கட்டு எல்லாவற்றையும் படம் எடுங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் பக்கத்தில் அளவுகோலை ஒட்டிவைத்து எடுங்கள். கதவு ஜன்னல்கள் இப்போது தடையில்லாமல் மூடுகின்றனவா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடம் சாய்கிறது என்றால் பல நேரம் சுவருக்கு முன்னால் கதவுதான் சொல்லும். இரு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி.

உங்கள் விஷயத்தில் வேலை தொடங்கிவிட்டது. இன்றைய நிலையை இன்றே பதியுங்கள். பழைய விரிசலின் உள்ளே பெயிண்ட், ஒட்டடை, அழுக்கு இருக்கும். புதியதன் விளிம்பு கூர்மையாக, பூச்சின் வெள்ளை நிறத்தோடு தெரியும். பிறகு அது வளர்கிறதா என்று பாருங்கள். விரிசலுக்கு இரு புறமும் சிறிய ஸ்க்ரூ ஒவ்வொன்றை ரால்பிளக் வைத்து ஆடாமல் முடுக்கிவிடுங்கள். இரண்டின் வெளி விளிம்புகளுக்கு இடையே உள்ள தூரத்தை வெர்னியர் காலிப்பரால் வாரம் ஒரு முறை, எப்போதும் ஒரே நேரத்தில் அளந்து தேதியோடு எழுதுங்கள். வெயில் ஏறும்போதும் இறங்கும்போதும் சுவரே கொஞ்சம் விரிந்து சுருங்கும் என்பதால் நேரம் முக்கியம். விரிசல் மேல் கண்ணாடித் துண்டை ஒட்டும் பழைய பழக்கம் உடைந்ததா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு நகர்ந்தது என்று சொல்லாது.

ஒரு மி.மீ. வரை உள்ள விரிசல் பூசி வண்ணமடித்தால் சரியாகிவிடும். 5 மி.மீ. தாண்டினால் கதவுகள் பிடிக்கத் தொடங்கும், குழாய் இணைப்புகள் கசியலாம், 15 மி.மீ. தாண்டினால் சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டிய நிலை. கட்டடம் எல்லாப் பக்கமும் சமமாக இறங்கினால் சேதம் குறைவு. ஒரு தூண் மட்டும் இறங்குவதுதான் கெடுதல். 5 மீட்டர் இடைவெளியில் நிற்கும் இரண்டு தூண்களுக்கு இடையே 10 மி.மீ. வித்தியாசம் வந்தால், விரிசலைத் தவிர்ப்பதற்காகப் பொறியாளர்கள் வழக்கமாக வைக்கும் எல்லையைத் தொட்டாகிவிட்டது. ஆகவே தூண்களில் மட்டக் குறிகள் பதித்து வாரந்தோறும் அளக்கச் சொல்லுங்கள். எந்த அளவில் எச்சரிக்கை, எந்த அளவில் வேலை நிறுத்தம் என்ற இரண்டு எண்களையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் பேச்சு முடிவதற்குள் பள்ளம் முடிந்துவிடும்.

கேள்வி: திடலில் கட்டவில்லை, எங்கள் மூன்று மாடிக் கட்டடத்தின் மேலேயே இரண்டு மாடி ஏற்றப் போகிறார்களாம். "அப்போதே கம்பி விட்டிருக்கிறது, அஸ்திவாரமும் அதற்கேற்றபடிதான்" என்கிறார்கள். நம்பலாமா?
— மேல் மாடி வாசகர்

பதில்: மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, மேலே கட்டும் ஆசை இருந்தது என்பதற்குச் சாட்சி. அஸ்திவாரம் அதற்குப் போதுமானது என்பதற்குச் சாட்சியாகாது.

கான்கிரீட் கட்டடத்தில் ஒரு மாடி கூடினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் ஏறும். 300 சதுர மீட்டர் கட்டடத்தில் இரண்டு மாடி என்றால் 600 டன். இதைத் தாங்குமா என்பதற்கு மூன்று ஆதாரம் வேண்டும். ஒன்று, கையெழுத்திட்ட பழைய கட்டமைப்பு வரைபடம். அறைகளைக் காட்டும் பிளான் போதாது, தூண், பீம், கம்பி விவரம் உள்ளது வேண்டும். இரண்டு, அஸ்திவாரம் உண்மையில் எப்படி இருக்கிறது என்பதற்கு இரண்டு மூன்று தூண்களின் அடியில் குழி தோண்டி எடுத்த அளவு. வரைபடத்தில் இரண்டு மீட்டர் என்று இருப்பது தரையில் ஒன்றரையாக இருக்கலாம். மூன்று, கான்கிரீட் சோதனை.

சோதனை என்றதும் சுத்தியல் போன்ற ஒரு கருவியைச் சுவரில் தட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு போவார்கள். அது மேற்பரப்பின் கெட்டித்தன்மையை மட்டும் சொல்லும். பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றில் உள்ள கரியமில வாயு பட்டு இறுகியிருக்கும். அதனால் உள்ளே இருப்பதைவிட நல்ல எண்ணையே காட்டும். துளையிட்டு உருளை எடுத்து அழுத்திப் பார்ப்பதுதான் நம்பகமானது. குறைந்தது மூன்று உருளை வேண்டும். சராசரி, வடிவமைப்பு வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது. உருளை எடுக்கும் இடத்தில் கம்பி வெட்டுப்படாமல் முதலில் கம்பி கண்டறியும் கருவியால் பார்க்க வேண்டும். வெட்டிய துளையின் உட்பக்கத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால் நல்ல கான்கிரீட் இளஞ்சிவப்பாக மாறும். நிறம் மாறாத பகுதி கம்பியைத் தொட்டிருந்தால் துரு பிடிக்க வழி திறந்துவிட்டது என்று பொருள்.

நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கம்பிகளையும் விட்டுவிடாதீர்கள். பல வருடம் மழையில் நனைந்த கம்பியின் துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட்டு விட்டத்தை அளக்க வேண்டும். 16 மி.மீ. கம்பி 14 ஆகத் தேய்ந்திருந்தால் பரப்பில் கால் பங்கு போய்விட்டது. வளைத்து மடக்கி வைத்து, பிறகு நிமிர்த்திய கம்பியென்றால் மடங்கிய இடத்தில் விரிசல் இருக்கலாம்.

கட்டும்போது மேல் மாடியில் இருக்கும் உங்களுக்கு வரும் உடனடித் தொல்லை தண்ணீர்க் கசிவு. மாடியின் நீர்த்தடுப்புப் பூச்சை உடைத்துத்தான் தூண் எழுப்புவார்கள். உடைத்த இடத்தை மழைக்கு முன் தற்காலிகமாக அடைப்பது யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி: தீயணைப்பு வண்டி உள்ளே வருமா? கான்கிரீட் லாரிகள் எங்கள் உள்சாலையைப் பாழாக்காதா?
— சங்கச் செயலாளர் ஒருவர்

பதில்: சாதாரண தீயணைப்பு வண்டிக்கு இங்கிலாந்தின் வழிகாட்டி கேட்பது: சாலை அகலம் 3.7 மீட்டர், வாயில் 3.1 மீட்டர், தாங்கும் எடை 12.5 டன். முட்டுச் சந்தில் 20 மீட்டருக்கு மேல் பின்னோக்கி வர வைக்கக் கூடாது. அதற்கு மேல் என்றால் திரும்ப இடம் வேண்டும். ஏணி வண்டிக்குத் தாங்கும் எடை இன்னும் கூடுதலாக வேண்டும். உங்கள் ஊர்த் தீயணைப்புத் துறையின் எண்களைக் கேட்டு வாங்குங்கள். பிளானில் சாலை 6 மீட்டர் என்று இருக்கும்; இரு பக்கமும் கார் நின்றால் மிஞ்சுவது இரண்டரை. நிலத்தடி நிறுத்தத்தின் கூரை மேல் சாலை போகிறது என்றால் அந்தத் தளம் எத்தனை டன்னுக்கு வடிவமைக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

லாரிக்கு வருவோம். 300 கன மீட்டர் கான்கிரீட்டில் அஸ்திவாரத் தளம் போடுகிறார்கள் என்றால், லாரிக்கு 6 கன மீட்டர் வீதம் 50 லாரி. நடுவில் நிறுத்த முடியாத வேலை என்பதால் ஒரே நாளில் வரும். போகவர 100 ஓட்டம். அந்த நாளை ஒரு வாரம் முன்பே அறிவிக்கச் சொல்லுங்கள், பள்ளி விடும் நேரத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். நிறைந்த லாரி 25 டன்னைத் தாண்டும். கார்களுக்காகப் போட்ட உள்சாலையில் முதலில் உடைவது மேன்ஹோல் மூடி. பாதையில் உள்ள மூடிகளை எண்ணி, கனரக மூடியாக மாற்றவோ இரும்புத் தகடு போடவோ சொல்லுங்கள். முடிந்தால் கட்டுமானத்துக்குத் தனி வாயில். இது கிடைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரி.

கேள்வி: வண்டி நிறுத்த இடமில்லை என்றால், "நிறைய காலியாக இருக்கிறதே" என்று புகைப்படம் காட்டுகிறார்கள்.
— ஒரு வாசகர்

பதில்: பகல் பதினொரு மணிக்கு எடுத்த படமாக இருக்கும். எல்லோரும் வீடு திரும்பியபின், நள்ளிரவு 12.30-லிருந்து விடிகாலை 5.30-க்குள், வார நாட்களில் இரண்டு இரவு எண்ணுங்கள். சாலையோரம் 5 மீட்டருக்கு ஒரு கார் என்று இடத்தைக் கணக்கிடுங்கள். வாசல், திருப்பம், குப்பைத் தொட்டி இடத்தைக் கழித்துவிடுங்கள். 85 சதவீதம் நிறைந்துவிட்டாலே இடம் தேடிச் சுற்றத் தொடங்குவார்கள். வண்டி எண்களை எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும்.

கேள்வி: மரங்களை வெட்ட மாட்டோம் என்று உறுதி கொடுத்திருக்கிறார்கள். போதுமா?
— ஒரு வாசகி

பதில்: போதாது. வெட்டாமலே கொல்லலாம். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் மரத்தின் சுற்றளவை அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம். அதைப் போல 12 மடங்கு ஆரத்துக்கு வேர்க் காப்பு வட்டம் விட வேண்டும் என்பது பிரிட்டிஷ் தர நிர்ணயம். சுற்றளவு 126 செ.மீ. என்றால் விட்டம் 40 செ.மீ., காப்பு வட்டத்தின் ஆரம் 4.8 மீட்டர். மரத்துக்கு உணவும் காற்றும் எடுக்கும் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் 60 செ.மீ. ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. நிழலாக இருக்கிறதே என்று அங்கேதான் ஜல்லி, மணல், செங்கல் எல்லாம் கொட்டுவார்கள். லாரி ஏறி மண் இறுகும். சிமெண்ட் தண்ணீர் ஊறும். மரம் உடனே பட்டுப்போகாது, இரண்டு மூன்று வருடம் எடுக்கும். அதற்குள் ஒப்பந்ததாரர் கணக்கை முடித்துக்கொண்டு போயிருப்பார். முதல் எந்திரம் உள்ளே வருவதற்கு முன் அசைக்க முடியாத வேலி போட வேண்டும். ரிப்பன் கட்டுவது வேலி ஆகாது.

களிமண் நிலமாக இருந்தால் கட்டடத்துக்கு அருகில் உள்ள பெரிய மரத்தை வெட்டுவதும் ஆபத்து. அதுவரை மரம் உறிஞ்சிய நீர் மண்ணிலேயே தங்கி மண் உப்பும். சுவர் மேலே தூக்கும்.

கேள்வி: விடியற்காலையிலேயே சத்தம் தொடங்கிவிடுகிறது. கைபேசியில் டெசிபல் அளந்து அனுப்பலாமா?
— இரவுப் பணி பார்க்கும் வாசகர்

பதில்: கைபேசி அளவை ஆதாரமாக ஏற்பது அரிது. நாட்குறிப்புதான் பலம்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன வேலை, எந்த அறையில் கேட்டது. இரண்டு மூன்று வீட்டார் தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது. தீர்வாக என்ன கேட்கலாம் என்றால், ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். கண்ணுக்குத் தெரியாதபடி கெட்டியான பலகைத் தடுப்பு வைத்தால் 10 டெசிபல் வரை குறையும். பச்சை வலை கட்டினால் தூசி கொஞ்சம் நிற்கும், சத்தம் நிற்காது. லாரி பின்னால் வரும்போது அடிக்கும் 'பீப்' ஒலிக்குப் பதில் இரைச்சல் போலக் கேட்கும் எச்சரிக்கை ஒலி இருக்கிறது. அது தூரத்துக்குப் பரவாது.

கேள்வி: 450 பேர் கையெழுத்துப் போட்ட மனு தயார். வேறென்ன செய்ய வேண்டும்?
— குடியிருப்போர் குழு

பதில்: ஒரே வாசகத்துக்குக் கீழே 450 கையெழுத்து இருந்தால் அதிகாரி அதை ஒரு ஆட்சேபம் என்று படிப்பார். கையெழுத்து மனு கூட்டத்தைக் காட்டும். பதில் சொல்ல வைப்பது அளவுகளை எண்ணோடு சொல்லும் கடிதம். வடிகாலுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று, அஸ்திவாரத்துக்கு ஒன்று, தீயணைப்புப் பாதைக்கு ஒன்று என்று நாலைந்து பேர் தனித்தனியாக எழுதுங்கள். "காட்சி மறைகிறது", "வீட்டு விலை குறையும்" என்பதெல்லாம் நியாயமான வருத்தம்தான், ஆனால் பல நாடுகளில் அனுமதியை முடிவு செய்ய அவை கணக்கில் வராது. அவற்றை முதல் பத்தியில் வைத்தால் மீதியைப் படிக்கவே மாட்டார்கள். "கட்டவே கூடாது" என்று எழுதினாலும், "அனுமதிப்பதாக இருந்தால் இந்த நிபந்தனைகளோடு" என்று தனிப் பக்கம் சேருங்கள். கட்டடம் தடுக்கப்படாவிட்டால் அந்தப் பக்கம்தான் உங்களைக் காப்பாற்றும்.

வரைபடத்தை அச்செடுத்தால் முதலில் அளவுக்கோட்டைச் சரிபாருங்கள். 200-க்கு 1 அளவில் 10 மீட்டர் என்பது தாளில் 50 மி.மீ. இருக்க வேண்டும். 47 இருந்தால் அச்சுப்பொறி தாளுக்குள் அடக்கச் சுருக்கிவிட்டது. அதில் நீங்கள் அளந்த 18 மீட்டர் உண்மையில் 19-க்கு மேல். தப்பான எண்ணோடு ஒரு கடிதம் போனால் மற்ற நாலுக்கும் மதிப்புப் போய்விடும். உங்கள் கட்டடத்தின் பால்கனிகள் பிளானில் வரையப்பட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். விட்டுவிட்டால் இடைவெளி ஒன்றரை மீட்டர் கூடுதலாகத் தெரியும்.

கேள்வி: புது பிளாக்கில் நான்கு லிஃப்ட், நீச்சல் குளம் எல்லாம் வருகிறது. லிஃப்டே இல்லாத எங்களிடமும் சேர்த்துப் பராமரிப்புத் தொகை வாங்குவார்களா?
— பழைய பிளாக் வாசகி

பதில்: எழுதி வாங்காவிட்டால் வாங்குவார்கள். வளாகம் முழுவதற்கும் பொதுவானது, அந்த பிளாக்குக்கு மட்டும் உரியது என்று இரண்டு கணக்குத் தலைப்புகள் வேண்டும். லிஃப்ட், அதன் மின்சாரம், மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்ப் ஆகியவை இரண்டாவதில் வர வேண்டும். குளத்தை நீங்களும் பயன்படுத்தலாம் என்று இருந்தால் அதற்குப் பங்கு கேட்பார்கள். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். மழைநீரைத் தேக்கும் தொட்டி, மழைநீர் வடிகால், உள்சாலை மூன்றும் பொதுவில்தான் வரும். அவற்றில் முதல் ஐந்து ஆண்டு பழுதைக் கட்டுபவரே பார்க்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பங்கைப் பிரிப்பது வீட்டு எண்ணிக்கைப்படியா, சதுர அடிப்படியா என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் குடியேறிய பிறகு வாக்கெடுப்பில் நீங்கள் சிறுபான்மை ஆகிவிடலாம்.